ஒரு பேரினம் எதனால் நிலைக்கிறது? ரைனெகாந்தஸ் கிளாத்திகளை முன்வைத்து ஓர் உரை

உயிர்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்தும் வேலையைப் பட்டியல் போடும் வேலை என்று எண்ணுவோர் அறிவியல் துறைகளுக்குள்ளேயே பலர் இருக்கிறார்கள். அந்த எண்ணம் தவறு என்பதை ஒரு சிறிய மீன் கூட்டத்தைக் கொண்டு நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம். வெப்பக் கடல்களின் பவளப்பாறைகளில் வாழும் கிளாத்தி மீன்களில் ரைனெகாந்தஸ் என்று ஒரு பேரினம் உண்டு. அதில் அடங்குபவை ஏழே சிற்றினங்கள். அந்த ஏழையும் ஒரு பெயரின் கீழ் வைக்கும்போது நாம் சொல்வது என்ன? இவை ஏழுக்கும் பொதுவான ஒரு மூதாதை இருந்தது, அந்த மூதாதையின் வழி வந்த வேறெந்த மீனும் இந்தப் பெயருக்கு வெளியே இல்லை என்கிறோம். நெடுங்காலத்துக்கு முன் நடந்ததைப் பற்றிய கூற்று இது. கூற்று என்றால் அது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும். பெயர் வைத்தவரின் புகழோ பெயரின் பழமையோ அதற்குச் சான்றாகாது.

கிளாத்திகளின் உடலமைப்பைச் சற்றுப் பார்த்துக்கொள்வோம். பாலிஸ்டிடே என்ற இந்தக் குடும்பத்தில் சுமார் 12 பேரினங்களும் 40 சிற்றினங்களும் உண்டு. பக்கவாட்டில் தட்டையான உடல். கவசம் போல் இறுகிய செதில்கள். உடலின் அளவுக்குச் சிறியதாகத் தோன்றினாலும் கடல் முள்ளெலியையும் சிப்பியையும் உடைக்கவல்ல வாய். முதல் முதுகுத் துடுப்பில் மூன்று முட்கள். முதல் முள்ளை நிமிர்த்தியதும் இரண்டாவது முள் அதன் அடியில் பொருந்திப் பூட்டிவிடும். பூட்டிய முள்ளை மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது, இரண்டாவது முள்ளைத் தாழ்த்தினால் முதலாவது தானே படியும். இரவில் பாறை இடுக்கில் புகுந்து இந்த முள்ளை நிமிர்த்திக்கொண்ட கிளாத்தியை வெளியே இழுப்பது கடினம். நீந்தும் விதமும் தனி. பெரும்பாலான மீன்கள் வாலை வீசி நீந்த, இவை இரண்டாம் முதுகுத் துடுப்பையும் குதத் துடுப்பையும் அலையலையாக அசைத்தே முன்னும் பின்னும் போகும். இந்தச் சிறப்புகளெல்லாம் குடும்பம் முழுமைக்கும் பொதுவானவை. ஆகவே குடும்பத்துக்குள் யார் யாருக்கு நெருங்கிய உறவு என்று கேட்டால் அவை விடை சொல்ல மாட்டா. வகைப்பாட்டின் சிக்கல் இங்கேதான் பிறக்கிறது.

லின்னேயஸ் 1758 இல் வெளியிட்ட சிஸ்டமா நேச்சுரே பத்தாம் பதிப்பில் கிளாத்திகளுக்குப் பாலிஸ்டஸ் என்ற ஒரே பேரினம்தான் இருந்தது. அட்லாண்டிக்கின் வெட்டூலா, இந்து-பசிபிக்கின் அக்யூலியேட்டஸ், வெரூகோசஸ், இன்று சாந்திக்திஸ் என்னும் பேரினத்தில் இருக்கும் ரிஞ்சென்ஸ் ஆகியவற்றோடு, இன்று மோனகாந்திடே என்ற வேறு குடும்பத்தில் வைக்கப்படும் சொரசொரப்புத் தோல் மீன்கள் சிலவும் அந்தப் பெயரின் கீழ் இருந்தன. 1766 இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் லின்னேயஸ் பாலிஸ்டஸை மீன்களிலிருந்தே எடுத்து, ‘நீந்தும் இருவாழ்விகள்’ என்ற பிரிவில் சேர்த்தார். உயிர்களுக்கு இருபெயரீட்டு முறையை வகுத்துத் தந்தவரின் முடிவே எட்டு ஆண்டுகளில் இப்படி மாறியது. பின்வந்தவர்கள் அதையும் ஏற்கவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளில் புதிய சிற்றினங்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. டென்மார்க் அரசின் அரேபியப் பயணத்தில் சென்று 1763 இல் யேமனில் உயிர்விட்ட பீட்டர் ஃபோர்ஸ்கோலின் குறிப்புகளை உடன்சென்ற கார்ஸ்டன் நீபூர் 1775 இல் அச்சிட்டார். செங்கடலின் அசாசி அதில் உள்ளது. பொன்னதேர் 1788 இல் சினெரியஸை விவரித்தார். நைஜர் ஆற்றின் போக்கைத் தேடிச் சென்று புகழ்பெற்ற மங்கோ பார்க், அதற்கு முன் சுமத்ராவில் கண்ட மீன்களைப் பற்றி 1797 இல் வெளியிட்ட கட்டுரையில் ஆரஞ்சுக் கோடுகள் ஓடும் உண்டுலேட்டஸ் இருக்கிறது.

பெர்லின் மருத்துவர் மார்க்கஸ் எலியேசர் பிளாக் 1799 இல் இறந்தபின் ஷ்னைடர் முடித்து 1801 இல் வெளியிட்ட நூல் கிளாத்திகளின் வரலாற்றில் ஒரு திருப்பம். ரெக்டாங்குலஸ், கான்ஸ்பிசில்லம், விரிடெசென்ஸ், ஃபஸ்கஸ் என்று நாம் இன்று பேசும் பெயர்களில் பல அதிலிருந்து வந்தவை. பிளாக்கின் மீன் சேகரிப்புக்குத் தமிழ்க் கடற்கரையோடு நேரடித் தொடர்பு உண்டு. தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் இங்கிருந்து பெர்லினுக்கு மீன்களைத் திரட்டி அனுப்பினார். கத்தாழை மீன்களின் ஜானியஸ் என்ற பேரினம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தரங்கம்பாடிக் கரையில் அந்த மீன்களைப் பிடித்துக் கொடுத்தவர்களின் பெயர் எந்த நூலிலும் ஏறவில்லை. அறிவியல் வரலாற்றை எழுதுவோர் அந்தக் குறையை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இனி ரைனெகாந்தஸ். இந்தப் பெயரை 1839 இல் சூட்டியவர் வில்லியம் ஸ்வெயின்சன் என்ற ஆங்கிலேயர். அவருடைய வகைப்பாட்டுக் கொள்கையை இன்று படித்தால் வியப்பாக இருக்கும். இயற்கையில் எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் அது ஐந்து ஐந்தாகப் பிரிந்து வட்டமாக அமையும் என்று மக்லே 1819 இல் முன்வைத்த கொள்கையை அவர் உறுதியாக நம்பினார். மீன்களையும் பறவைகளையும் பூச்சிகளையும் அந்த வட்டங்களுக்குள் பொருத்தவே நூல்கள் எழுதினார். ஐந்தின் வட்டங்கள் அவர் காலத்திலேயே செல்வாக்கிழந்தன; இன்று அவற்றை ஏற்பவர் எவருமில்லை. ஆனால் பிழையான அந்தக் கொள்கையின் நடுவே அவர் பிரித்துக் காட்டிய ரைனெகாந்தஸ் அப்படியே நிற்கிறது. கருங்கிளாத்திகளின் மெலிக்திஸும் அவர் இட்ட பேரினப் பெயர்தான். நீண்டு சரிந்த முகம், அதன் மேல்கோடியில் கண், நுனியில் சிறிய வாய், வால் தொடங்கும் இடத்தின் இருபுறமும் வரிசை வரிசையாகச் சிறு முட்கள் என்று கண்ணுக்குத் தெரிந்த உடற்கூறுகள் அவர் பிரிவுக்குப் பொருந்துகின்றன. கொள்கை தவறிய இடத்தில் மீனின் உடல் தவறவில்லை.

ஏழு சிற்றினங்களும் கடலைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் விதம் கவனிக்கத்தக்கது. அக்யூலியேட்டஸ், ரெக்டாங்குலஸ், வெரூகோசஸ் மூன்றும் இந்து-பசிபிக்கில் பரந்து கிடக்கின்றன. அசாசி செங்கடலையும் அதை ஒட்டிய அரேபியக் கரைகளையும் விட்டு வெளியே வருவதில்லை. சினெரியஸ் மேற்கு இந்துமாக்கடலுக்கு உரியது. ராண்டலும் ஸ்டீனும் 1983 இல் விவரித்த லூனுலா தென்பசிபிக்கைச் சேர்ந்தது. மட்சுரா, ஷியோபாரா இருவரும் 1989 இல் ஜப்பானின் ரியூக்யூ தீவுகளிலிருந்து அறிவித்த அபிஸஸ், மற்ற ஆறும் விரும்பும் ஆழமற்ற பவளத் திட்டுகளை விட்டு ஆழத்துக்கு இறங்கிய மீன். இவை ஏழும் உண்மையிலேயே ஒரே மூதாதையின் வழிவந்தவையாக இருந்தால், ஒரே வகை உடல் எப்படிக் கடல்தோறும் பிரிந்து புதிய சிற்றினங்களானது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அப்படி இல்லையென்றால் அந்தக் கேள்விக்கே பொருளில்லை. இந்தப் பரவல் வரைபடத்துக்கு உயிர் தருவது பேரினம் பற்றிய கூற்றுதான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டியது பாலிஸ்டாய்டஸ். 1935 இல் அலெக் ஃபிரேசர்-பிரன்னர் கிளாத்திப் பேரினங்கள் அனைத்தையும் சீர்தூக்கி ஒரு தொகுப்புக் கட்டுரை எழுதினார். பாலிஸ்டாய்டஸ் அதில் பிறந்த பெயர். (பின்னாளில் சிங்கப்பூரின் வான் கிளீஃப் மீன் காட்சியகத்துக்குப் பொறுப்பேற்ற இவரே சிங்கப்பூரின் சிங்கமீன் சின்னத்தை வரைந்தவர்.) ஸ்வெயின்சனைவிட எல்லா வகையிலும் தேர்ந்த மீனியலாளர், ஐந்தின் வட்டம் போன்ற மயக்கம் எதுவும் அவரிடம் இல்லை. அவர் அமைத்த பாலிஸ்டாய்டஸில் இன்று இரண்டு சிற்றினங்கள் வைக்கப்படுகின்றன. ஒன்று, கரிய உடலின் கீழ்ப்பாதியில் பெரிய வெண்புள்ளிகள் பொலியும் கான்ஸ்பிசில்லம். மற்றொன்று விரிடெசென்ஸ், குடும்பத்தின் மிகப் பெரிய மீன்களில் ஒன்று, மணலில் குழி பறித்து இட்ட முட்டைகளைக் காக்கும்போது முக்குளிப்போரைத் துரத்திக் கடிப்பதில் பேர்பெற்றது. உடற்கூறின் சில ஒற்றுமைகளைக் கொண்டு இவை ஒன்றாக வைக்கப்பட்டன. அந்த ஒற்றுமைகள் எதைக் காட்டுகின்றன என்ற கேள்வியை அன்று யாரும் கூர்மையாகக் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கான கருவியைச் செய்து கொடுத்தவர் வில்லி ஹென்னிக். வகைப்பாடு வம்சாவளியைக் காட்ட வேண்டும் என்று 1859 இலேயே டார்வின் எழுதிவிட்டார். எப்படிக் காட்டுவது என்பதற்கான திட்டமான வழி 1950 இல் ஜெர்மனில் வந்த ஹென்னிக்கின் நூலில்தான் கிடைத்தது. இரண்டு மீன்களுக்கிடையே உள்ள ஒற்றுமை மூன்று விதமாக வந்திருக்கலாம். குடும்பம் முழுவதன் மூதாதையிடமிருந்தே வந்த பழைய சொத்தாக இருக்கலாம். மூன்று முதுகு முட்கள் அத்தகையவை. ஒரே வகை வாழ்க்கை காரணமாகத் தனித்தனியே தோன்றியிருக்கலாம்; வாலருகு முட்கள் ரைனெகாந்தஸில் மட்டுமல்லாமல் வேறு சில கிளாத்திகளிலும் காணப்படுவதால் இந்த ஐயம் அவற்றின்மேல் எப்போதும் உண்டு. மூன்றாவதாக, இந்தக் கிளைக்கு மட்டும் உரிய மூதாதையிடம் புதிதாகத் தோன்றி வழிவழியாக வந்திருக்கலாம். நெருங்கிய உறவுக்குச் சான்றாவது இந்த மூன்றாம் வகை மட்டுமே. 1979 இல் கெய்ச்சி மட்சுராவும் 1980 இல் ஜேம்ஸ் டைலரும் கிளாத்திகளின் எலும்புகளைப் பெருமுயற்சியோடு ஆராய்ந்து வெளியிட்ட நூல்கள் இந்தத் துறையின் தூண்கள். இன்றும் அவற்றைத் தாண்டிக்கொண்டு எவரும் இந்த மீன்களைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் எலும்பும் உடலின் உறுப்பே. ஒரே மாதிரி இரையை உடைக்கும் இரண்டு தாடைகள் உறவில்லாமலே ஒன்றுபோல ஆகிவிடலாம்.

ஆகவே, தாடையின் வேலையோடு நேரடித் தொடர்பில்லாத இன்னொரு சான்று தேவைப்பட்டது. மரபணு வரிசைகள் அதைத் தந்தன. டோர்ன்பர்க், சாண்டினி, அல்ஃபாரோ மூவரும் 2008 இல் கிளாத்திக் குடும்பத்தின் மரத்தை மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களையும் உட்கரு மரபணுக்களையும் கொண்டு வரைந்தார்கள். அதன்பின் 2013 இல் சாண்டினி குழுவினர் கிளாத்திகளையும் அவற்றின் உறவுக் குடும்பத்தையும் சேர்த்து விரிவான மரம் வரைந்து காலக்கணக்கும் போட்டார்கள். 2016 இல் மெக்கார்டும் வெஸ்ட்னீட்டும் இரு குடும்பங்களிலிருந்தும் 86 சிற்றினங்களை எடுத்து, மண்டையோட்டின் வளர்ச்சியில் பங்கேற்கும் ஒரு மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்து, குடும்பத்துக்குப் புதிய வகைப்பாட்டையே முன்மொழிந்தார்கள். கிளாத்திக் குடும்பம் மயோசீன் காலத்தில் தோன்றியது என்பதும் அவர்கள் கண்ட முடிவு. இந்த ஆய்வுகளில் ரைனெகாந்தஸ் ஒரே கிளையாக நின்றது. பாலிஸ்டாய்டஸ் நிற்கவில்லை, அதன் இரண்டு சிற்றினங்களும் மரத்தில் வெவ்வேறு இடங்களுக்குப் போயின. பிளீக்கர் 1865 இல் அமைத்த சூடோபாலிஸ்டஸ் என்ற இன்னொரு கிளாத்திப் பேரினமும் ஒரே கிளையாகத் திரளவில்லை. வட்டக் கொள்கைக்காரர் இட்ட பேரினம் சோதனையில் தேறியது. தேர்ந்த உடற்கூற்றியலாளர்கள் இட்டவை தேறவில்லை. வகைப்பாட்டில் யார் சொன்னார் என்பதற்கு எடை இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவை வலுவற்றவையும் அல்ல. முதல் மறுப்பு, மரபணு மரமே மாறக்கூடியதுதானே என்பது. எந்தக் கணித மாதிரியைக் கொண்டு மரபணு மாற்றங்களைக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்துக் கிளைகளின் உறுதி மாறுகிறது. மேலே சொன்ன 2008 ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதன்மைப் பொருளே இதுதான். ஒரே மாதிரியை மட்டும் நம்பாமல் பல மாதிரிகளின் சராசரியை எடுத்தால் சில கிளைகளுக்குத் தரும் நம்பிக்கை கூடுகிறது, சிலவற்றுக்குக் குறைகிறது என்று கிளாத்திகளை எடுத்துக்காட்டாக வைத்தே அவர்கள் நிறுவினார்கள். இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இதிலிருந்து பெற வேண்டிய முடிவு, எல்லா மரங்களும் சம அளவில் ஐயத்துக்குரியவை என்பதன்று. வெவ்வேறு மரபணுக்களையும் வெவ்வேறு கணித மாதிரிகளையும் கொண்டு வேறு வேறு குழுவினர் வரைந்த மரங்களில் ஒரு கிளை திரும்பத் திரும்ப வந்தால், எலும்பிலும் வெளித்தோற்றத்திலும் அதற்கு ஆதரவு இருந்தால், அதை நம்புவதற்கு நியாயம் உண்டு. ரைனெகாந்தஸுக்கு அந்த நியாயம் இருக்கிறது. பாலிஸ்டாய்டஸின் இரண்டு மீன்களும் அப்படித் திரும்பத் திரும்ப ஒன்றுசேர்ந்ததில்லை.

இரண்டாவது மறுப்பு மீன்வளத் துறையினரிடமிருந்தும் சட்டம் எழுதுவோரிடமிருந்தும் வருவது. பெயர்களை இப்படி மாற்றிக்கொண்டே போனால் பிடிப்புக் கணக்கு, பாதுகாப்புப் பட்டியல், வணிக ஆவணம் எல்லாம் குழம்பிப்போகும் என்கிறார்கள். கவலை நியாயமானது. அட்லாண்டிக்கின் பாலிஸ்டஸ் காப்ரிஸ்கஸ் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் ‘பாதிக்கப்படக்கூடியது’ என்ற நிலையில் இருக்கிறது. அதன் பெயர் நாளைக்கு ஒன்றாக இருந்தால் அதைக் காக்க எழுதிய விதி யாருக்கும் புரியாது. ஆனால் இந்தக் குழப்பத்தைத் தடுக்கவே விலங்குப் பெயரீட்டுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு இருக்கிறது. பேரினம் மாறினாலும் சிற்றினப் பெயர் கூடவே போகும். ரைனெகாந்தஸ் அக்யூலியேட்டஸ் என்று எழுதிப் பக்கத்தில் லின்னேயஸ், 1758 என்பதை அடைப்புக்குள் இட்டால், இந்தச் சிற்றினத்துக்குப் பெயரிட்டவர் அவர்தான், ஆனால் அவர் அதை வேறு பேரினத்தில் வைத்திருந்தார் என்ற வரலாறு முழுவதும் அந்த அடைப்புக்குறியில் அடங்கிவிடுகிறது. பாலிஸ்டாய்டஸைக் கலைத்தாலும் அந்தப் பெயர் தன் மாதிரிச் சிற்றினத்தை விட்டுப் போகாது; எந்த மீன் எங்கே போனது என்ற தடயம் அழியாது. பொய்யான ஓர் உறவைப் பெயரில் சுமந்துகொண்டிருப்பதுதான் நீண்டகாலக் குழப்பம். ஒரு சிற்றினத்தின் வளர்ச்சி, முட்டையிடும் பருவம், உணவு ஆகியவற்றைத் தெரிந்துகொண்டு அதே பேரினத்தின் இன்னொன்றுக்கும் அப்படியே இருக்கும் என்று கணக்கிடுவது மீன்வள ஆய்வில் அன்றாட வழக்கம். பேரினமே உண்மையில்லாதபோது அந்தக் கணக்கு எதன் மேல் நிற்கும்?

இதே காரணத்தால் ரைனெகாந்தஸின் உறுதி நடைமுறைப் பயனும் தருகிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அக்யூலியேட்டஸ் மீன்களுக்கு நிறங்களை வேறுபடுத்தப் பழக்கி, அவை நிறத்தை எப்படிக் காண்கின்றன என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அந்த முடிவுகளை அசாசிக்கோ ரெக்டாங்குலஸுக்கோ நீட்டிப் பார்க்கத் துணிகிறோம் என்றால், இவை உண்மையான உறவினர் என்ற சோதித்த அறிவே அந்தத் துணிவைத் தருகிறது. ஹவாய் மக்கள் ரெக்டாங்குலஸைத் தங்கள் மாநில மீனாக 1980களில் தேர்ந்து, 2006 இல் நிலைப்படுத்தினார்கள். அவர்களுடைய நீண்ட நாட்டுப்பெயர் ரெக்டாங்குலஸோடு அக்யூலியேட்டஸையும் குறிக்கும். லின்னேயஸும் ஸ்வெயின்சனும் பிறக்குமுன்பே கடலை அறிந்திருந்த ஒரு மக்களின் பெயர் வழக்கில் இரு மீன்களும் ஒன்றுசேர்ந்திருப்பதை நான் மதிப்போடு பார்க்கிறேன். கூர்ந்த கண்ணுக்கு அந்த உறவு தெரிந்திருக்கிறது.

மூன்றாவது மறுப்புத்தான் மிகவும் கடினமானது. ஒரே மூதாதை என்பது மட்டும் அளவுகோல் என்றால் 40 கிளாத்திகளையும் மறுபடி பாலிஸ்டஸ் என்ற ஒரே பேரினத்தில் போட்டுவிடலாமே, அதுவும் ஒரே மூதாதையின் வழிவந்த கூட்டம்தானே? உண்மைதான். மரத்தில் எந்த உயரத்தில் வெட்டினால் பேரினம் என்பதை இயற்கை நமக்குச் சொல்வதில்லை. ஒரே சிற்றினம் மட்டும் கொண்ட ஒடோனஸும் பாலிஸ்டாபஸும் தனிப் பேரினங்களாக இருக்க வேண்டுமா என்பதில் அறிஞர்கள் நேர்மையாகவே வேறுபடலாம். இங்கே வசதியும் மரபும் இடம்பெறத்தான் செய்யும். ஆனால் வசதிக்கு ஓர் எல்லை உண்டு. மரத்தின் கிளையை எங்கே வெட்டுவது என்பது நம் விருப்பம். இரண்டு வேறு கிளைகளின் இலைகளைச் சேர்த்துக் கட்டி ஒரே கிளை என்பது விருப்பத்துக்கு உட்பட்டதன்று. ஏழு சிற்றினங்கள் கொண்ட ரைனெகாந்தஸ் வசதியாலும் உண்மையாலும் தேறுகிறது. பாலிஸ்டாய்டஸும் இன்றைய வடிவிலுள்ள சூடோபாலிஸ்டஸும் உண்மையில் தோற்கின்றன. எந்த வசதியும் அதை ஈடுசெய்யாது.

இந்த ஆய்வுகள் வெளிவந்து ஆண்டுகள் பல ஆகியும் பாடநூல்களிலும் கள வழிகாட்டிகளிலும் பாலிஸ்டாய்டஸ் பழைய இரட்டையராகவே அச்சாகிறது. அதைக் கலைப்பதற்கு முன்கூட, குறைந்தபட்சம் அது ஒரு கிளையாகத் தேறாத கூட்டம் என்று குறிப்பிட்டாவது அச்சிட வேண்டும். நம் கரைகளுக்கும் இதில் பங்கு உண்டு. தமிழகக் கடற்கரையில் கிளாத்தி என்ற ஒரே பேரில் கரையிறங்கும் மீன்களுக்குள் வெவ்வேறு பேரினங்கள் அடங்கியிருக்கின்றன; அவற்றுள் சிவப்புப் பல் கொண்ட ஒடோனஸ் நைகர் இழுவலைகளில் பெருந்தொகையாகச் சிக்குகிறது. எல்லாவற்றையும் கிளாத்தி என்று ஒரே வரியில் எழுதும் கணக்கிலிருந்து எந்தச் சிற்றினம் பெருகுகிறது, எது அருகுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மீன்வளமும் கடலுயிரியலும் படிக்கும் மாணவர்களிடம் நான் கேட்பது இதுதான்: ஏலக்கூடத்தில் குவிந்து கிடக்கும் கிளாத்திகளைச் சிற்றினம் சிற்றினமாகப் பிரித்து எழுதுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மீனையேனும், மரபணு ஆய்வுக்கு உதவும் திசுத் துண்டோடும் பிடித்த இடம், நாள், ஆழம் பற்றிய குறிப்போடும் அருங்காட்சியகத்தில் சேருங்கள், அங்கே வழி காட்டும் மீனவரின் பெயரையும் அவர் விரும்பினால் அந்தக் குறிப்பில் எழுதுங்கள்.